வெளிநாட்டுப் பின்னணி கொண்ட வகுப்புத் தோழரைச் சில பிள்ளைகள் ஏன் வதைக்கிறார்கள்? நோர்வேத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோர்வேயில் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளைக் கொண்ட இளையோர் பள்ளியில் பிள்ளைகள் 13 வயதில் நுழைந்து 16 வயதில் வெளியேறுகிறார்கள். அதுவரை கலகலப்பாகப் பள்ளி சென்றுவந்த பிள்ளை திடீரென்று வாய் மூடிக்கொண்டது இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். 1956இல் அந்தோனி இராஜேந்திரம் வந்து சேர்ந்ததோடு தொடங்கி, 1980களில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த இளைஞர்களால் பெருகிய நம் சமூகத்தில், இன்று பள்ளி செல்பவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். ஆனாலும் ‘நீ உண்மையில் எந்த நாடு?’ என்று அவர்களிடமும் கேட்கப்படுகிறது. சில வேளைகளில் அது வெறும் கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. பெற்றோர் கூட்டங்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் வாசலிலும் காதில் விழுந்த கேள்விகளைத் தொகுத்து, ஆய்வுகளும் சட்டமும் சொல்வதை என் கருத்தோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மொப்பிங் என்று எதைச் சொல்கிறார்கள்? இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் அதுவும் மொப்பிங்கா?

சுவீடனில் பிறந்து பேர்கன் நகரில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட உளவியலாளர் டான் ஒல்வேயுஸ் வகுத்த வரையறையைத்தான் உலகெங்கும் இன்னமும் பின்பற்றுகிறார்கள். வேண்டுமென்றே துன்புறுத்துவது, அது திரும்பத் திரும்ப நிகழ்வது, துன்புறுபவரால் எளிதில் தற்காத்துக்கொள்ள முடியாதபடி இரு தரப்பின் பலமும் ஏறுமாறாக இருப்பது என்ற மூன்றும் சேர்ந்தால் அது மொப்பிங். சம பலமுள்ள இருவர் அடித்துக்கொள்வது சண்டை. ஐந்து பேர் ஒருவனுடைய பெயரைத் தினமும் சிதைத்துக் கூப்பிட்டுச் சிரித்தால், அங்கே ஒரு அடிகூட விழாவிட்டாலும் அது மொப்பிங்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரைப் படுத்தும் பகிடிவதையோடு இதைச் சிலர் ஒப்பிடுகிறார்கள். பகிடிவதைக்கு ஒரு கால எல்லை உண்டு, அடுத்த ஆண்டு அந்தப் புதியவரும் மூத்தவராகிவிடுவார். தோலின் நிறத்துக்காகவும் பெற்றோரின் நாட்டுக்காகவும் வதைக்கப்படும் பிள்ளைக்கு அப்படி ஒரு அடுத்த ஆண்டு இல்லை.

‘மொப்பிங்’ என்ற சொல்லுக்கும் இனவெறிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்தத் தொடர்பு பலருக்கும் மறந்துபோனது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு பருந்தையோ ஆந்தையையோ கண்டால் காகங்கள் கூட்டமாகச் சேர்ந்து கரைந்து, கொத்தி, துரத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலங்குகளின் இத்தகைய கூட்டுத் தாக்குதலுக்கு வழங்கிய சொல்லை எடுத்து, பிள்ளைகளின் நடத்தைக்கு முதன்முதலில் பொருத்தியவர் பீட்டர் பவுல் ஹைனமான் என்ற சுவீடன் மருத்துவர். 1969இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பின்னணியாக இருந்தது, அவர் தத்தெடுத்து வளர்த்த கறுப்பினச் சிறுவனை மற்றப் பிள்ளைகள் நடத்திய விதம். அதாவது இன்று உலகின் பல மொழிகளில் வழங்கும் இந்தக் கருத்தே, வெள்ளைப் பிள்ளைகளின் நடுவே நின்ற ஒரு கறுப்புப் பிள்ளையைக் கண்டு பிறந்தது.

1972இல் ஹைனமான் இதைப் பற்றி நூல் எழுதியபோது அவர் கண் முன்னே இருந்தது கூட்டம். பின்னர் ஒல்வேயுஸ் அறிவியல் முறையில் அளக்கத் தொடங்கியபோது கவனம் வதைப்பவரின் குணத்துக்கும் வதைபடுபவரின் குணத்துக்கும் நகர்ந்தது. வட நோர்வேயில் மூன்று சிறுவர்கள் மொப்பிங் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகக் கருதப்பட்ட துயரத்துக்குப் பின், 1983இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கியது அவருடைய ஆய்வுகளின் பலத்தில்தான். அந்த மாற்றத்தால் விளைந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நகர்வில் கூட்டமும் நிறமும் சொல்லின் பொருளிலிருந்து மெல்ல வழுவின என்பது என் எண்ணம். ஒரு பிள்ளையை ‘உன் நாட்டுக்குப் போ’ என்று மாதக்கணக்கில் துரத்தினாலும், பள்ளிக் குறிப்பில் அது ‘மாணவர்களுக்கிடையிலான முரண்பாடு’ என்று பதியப்படுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

என் பிள்ளை மற்றவர்களைப் போல இல்லாததால்தானே இது நடக்கிறது?

இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான பழி ஒளிந்திருக்கிறது. கண்ணாடி அணிவது, உடல் பருமன், செம்பட்டை முடி, பேச்சு வழக்கு போன்ற வெளிப்படையான வேறுபாடுகள் காரணமாகத்தான் பிள்ளைகள் வதைக்கப்படுகிறார்கள் என்ற பரவலான நம்பிக்கையை ஒல்வேயுஸ் 1970களிலேயே சோதித்துப் பார்த்தார். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிடமும் தேடினால் ஏதோ ஒரு வேறுபாடு கிடைக்கும், வதைப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே அவர் கண்டது. புட்டு கொண்டுபோகும் பிள்ளையைப் புட்டுக்காகக் கேலி செய்கிறார்கள் என்று எண்ணி, மறுநாள் முதல் பாண் துண்டில் பழுப்புப் பாற்கட்டி வைத்துக் கட்டிக்கொடுத்த ஒரு தாய், கேலி அப்போது பிள்ளையின் பெயருக்குத் தாவியதாகச் சொன்னார். பெயரை எப்படி மாற்றிக் கட்டிக்கொடுப்பது?

இருந்தாலும், ‘வேறுபாடு பொருட்டே இல்லை’ என்று முடித்துவிடவும் முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆங்ரி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 14, 15 வயதுச் சிறுவர்களை, திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையை எப்படி மதிப்பிட்டார்கள் என்பது போன்ற அற்பமான காரணங்களைக் காட்டி இரு குழுக்களாகப் பிரித்தார். 1970இல் வெளிவந்த அந்த ஆய்வில், முகம் தெரியாத தன் குழுவினனுக்குக் கூடுதலாகவும் மற்றக் குழுவினனுக்குக் குறைவாகவும் அவர்கள் பணம் பகிர்ந்தளித்தார்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, இடைவெளி பெரிதாக இருந்தால் போதும் என்றுகூடப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். புள்ளிகளே இவ்வளவு செய்யுமானால், ஒரு சமுதாயம் முழுவதும் பேசிப் பேசிப் பொருளேற்றி வைத்திருக்கும் நிறமும் மதமும் மொழியும் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேறுபாடு வதையைப் பிறப்பிப்பதில்லை. வதைக்க விரும்பும் கூட்டத்துக்கு அது ஒரு முகவரியைத் தருகிறது.

அப்படியானால் வதைக்கும் பிள்ளைக்கு இதில் என்ன கிடைக்கிறது?

இடம் கிடைக்கிறது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இந்த ஒன்றைப் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

13 வயதில் பிள்ளைக்குப் பெற்றோரின் மதிப்பைவிட வகுப்பின் மதிப்பு பெரிதாகிவிடுகிறது. அந்த மதிப்புக்கு நிரந்தரப் பட்டியல் கிடையாது. யார் மேலே, யார் கீழே என்பது ஒவ்வொரு இடைவேளையிலும் மறுபடி தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாப் பள்ளிகளில் ரொபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லீ ஆகிய சமூகவியலாளர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர் ஒருவர் நட்பு வட்டங்களின் நடுப்புறத்தை நெருங்க நெருங்க மற்றவர்மீது வன்மம் காட்டுவதும் கூடிக்கொண்டே போயிற்று, உச்சியில் இருந்த மிகச் சிலரிடம் மட்டும் அது குறைந்தது. உச்சிக்கு வந்துவிட்டவருக்கு இனி ஏற வேண்டிய படி இல்லை. ஏறிக்கொண்டிருப்பவருக்கோ, மிதித்து ஏற ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த ஒருவராக யாரைத் தேர்ந்தெடுப்பது? திருப்பி அடித்தால் துணைக்கு வர ஆளில்லாதவரை, யாரைத் தாக்கினால் தன் நண்பர்கள் முகம் சுளிக்கமாட்டார்களோ அவரை. அண்மையில் நாட்டுக்கு வந்து, அறிமுக வகுப்பிலிருந்து பொது வகுப்புக்கு மாற்றப்பட்டு, பதில் சொல்ல வேண்டிய நொடியில் சொல்லைத் தேடித் தடுமாறும் பிள்ளைக்கு இந்த இரண்டும் பொருந்திவிடுகின்றன. வன்மம் இருந்தால்தான் வதை நடக்கும் என்பதில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கணமும் யோசிக்காத ஒருவன்கூட, பின்னால் எழும் சிரிப்புக்காக அதைச் செய்யலாம்.

அந்தச் சிரிப்பின் பலத்தைப் பின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் அளந்து காட்டினார். 12, 13 வயதுள்ள 573 மாணவர்களை அவர் ஆராய்ந்தபோது, முன்னின்று வதைப்பவர்கள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர், கூட நின்று உதவுபவர்கள் 7 விழுக்காட்டினர், சிரித்தும் உசுப்பியும் ஊக்கம் கொடுப்பவர்கள் 20 விழுக்காட்டினர் என்று தெரிந்தது. 24 விழுக்காட்டினர் கண்டும் காணாமல் விலகி நின்றார்கள். வதைபடுபவருக்காக நின்றவர்கள் 17 விழுக்காட்டினர். எட்டுப் பேரின் வேலையை எண்பது பேரின் வேலையாகக் காட்டுவது இந்தச் சிரிப்பும் மௌனமும்தான். இதில் கொடுமை என்னவென்றால், விலகி நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

வதைக்கும் பிள்ளைகள் தன்னம்பிக்கை இல்லாதவர்கள், அதனால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பது சரியா?

பொதுவாகச் சரியில்லை. வெளியே முரடாகவும் உள்ளே பயந்தவராகவும் வதைப்பவர் இருப்பார் என்ற எதிர்பார்ப்புக்கு ஒல்வேயுஸின் ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. அவர்களிடம் பதற்றமும் தாழ்வுணர்ச்சியும் சராசரி அளவிலோ அதைவிடக் குறைவாகவோதான் இருந்தன. தாமே வதைபட்டு, பிறரையும் வதைக்கும் பிள்ளைகள் ஒரு சிறு பிரிவாக உண்டு, அவர்களுடைய நிலை வேறு.

வீட்டில் பெற்றோர் பேசுவதைத்தான் பிள்ளைகள் பள்ளியில் சொல்கிறார்களா?

ஓரளவுக்கு. சொற்கள் வீட்டிலிருந்தும் செய்திகளிலிருந்தும் திறன்பேசித் திரையிலிருந்தும் வருகின்றன. 2015இல் 31,000க்கும் மேற்பட்டோர் நோர்வேயில் தஞ்சம் கோரியபோது, அகதிகளைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு வீட்டின் இரவு உணவு மேசையிலும் இருந்தது. அங்கே ‘சுமை’ என்று கேட்ட சொல்லை ஒரு பிள்ளை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுவந்தால், அதைச் சுமக்கப்போவது வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளைதான். பாகிஸ்தானியரை இழிவுபடுத்த உருவான வசைச்சொல், நம் பிள்ளைகள்மீதும் அதே வேகத்தில் எறியப்படுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். எறிபவருக்கு யாழ்ப்பாணமும் லாகூரும் ஒன்றுதான்.

ஆனாலும் வெறுப்புப் பேச்சுள்ள வீட்டிலிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளும் வதைப்பதில்லை. மனத்தில் இருக்கும் வெறுப்பு செயலாக மாறுவதற்குப் பார்வையாளர் தேவைப்படுகிறார்கள். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 13 முதல் 16 வயது வரையானவர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது மிகவும் துணிந்து ஆபத்தைத் தேடிப்போனார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. தனியே சந்தித்தால் வணக்கம் சொல்லும் அதே பையன், நால்வரோடு நிற்கும்போது வேறொருவனாக மாறுவது இதனால்தான். உங்கள் பிள்ளை ‘அவன் தனியா இருந்தா நல்லவன் அம்மா’ என்று சொன்னால், அவள் அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று எண்ணாதீர்கள்.

நம் பிள்ளைகளும் இப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றப் பதில்களுக்கு நேர்மை இருக்காது.

ஸ்டவங்கர் பல்கலைக்கழகத்தின் ஹில்தகுன் ஃபான்ட்ரெமும் அவருடன் பணியாற்றிய டாக்மர் ஸ்ட்ரோமையர், எர்லிங் ரொலாண்ட் ஆகியோரும் நோர்வேப் பதின்ம வயதினரை ஆராய்ந்து 2009இல் எழுதியது, நம் சமூகத்தில் பேசப்பட வேண்டிய ஒன்று. மற்றவரைத் துன்புறுத்துவதில் ஒருவருக்கு அதிகார இன்பம் கிடைக்கலாம், அல்லது துன்புறுத்தும் குழுவோடு சேர்ந்திருக்கும் உணர்வு கிடைக்கலாம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பின்னணி கொண்ட பிள்ளைகளிடம் இந்த இரண்டாவது, அதாவது சேர்ந்திருக்கும் ஆசை, பெரிய பங்கு வகித்தது. உள்ளே விடப்படாத பிள்ளை, உள்ளே போவதற்கான நுழைவுச்சீட்டாக இன்னொரு வெளிப்பிள்ளையைத் துன்புறுத்துகிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளையின் நோர்வேஜிய உச்சரிப்பைப் பார்த்து முதலில் சிரிப்பது, சில வகுப்புகளில், இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைதான். ‘நான் அவனைப் போல இல்லை’ என்று வகுப்புக்கு அறிவிக்க அதைவிட விரைவான வழி அதற்குத் தெரியவில்லை. சோமாலியப் பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில், கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் ‘காப்பிலி’ என்ற சொல் எவ்வளவு இயல்பாகப் புழங்குகிறது என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் வராது என்று கவலைப்படும் வீட்டில்கூட அந்தச் சொல் மட்டும் பிழையின்றி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெண்பிள்ளைகளிடம் இது எப்படி வெளிப்படுகிறது?

பெரும்பாலும் சத்தமில்லாமல். குழு அரட்டையிலிருந்து ஒருத்தியை நீக்குவது, அவள் வந்து அமர்ந்ததும் பேச்சை நிறுத்துவது, வார இறுதியில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படங்களை அவள் பார்க்கும்படி பதிவது என்று அது நடக்கும். பிறந்தநாளுக்கு அழைத்தால் வகுப்பின் எல்லாப் பெண்பிள்ளைகளையும், அல்லது எல்லா ஆண்பிள்ளைகளையும் அழைக்க வேண்டும் என்று தொடக்க வகுப்புகளில் பல பள்ளிகள் கேட்டுக்கொள்வதுண்டு. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது.

இங்கே நம் பக்கத்திலிருந்து ஒரு சிக்கல் உண்டு. தோழியின் வீட்டில் இரவு தங்க விடமாட்டோம் என்பது நம் வீடுகளில் பொதுவான முடிவு. அதற்கான காரணங்களை நான் மதிக்கிறேன். ஆனால் நோர்வேஜியப் பெண்பிள்ளைகளின் நட்பு இறுகுவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். நான்கு முறை அழைத்தும் வராதவளை ஐந்தாம் முறை அழைப்பதில்லை, ஆறாம் மாதத்தில் அவள் யாருக்கும் நெருக்கமானவளாக இருப்பதில்லை. நெருங்கிய ஒரு தோழியாவது இருப்பது வதையிலிருந்து பிள்ளையைக் காக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. இரவு பதினொரு மணி வரை இருந்துவிட்டு வரட்டும் என்றோ, அந்தப் பிள்ளைகள் நம் வீட்டுக்கு வரட்டும் என்றோ ஒரு நடுவழியைத் தேடுவது நம் கையில் இருக்கிறது.

ஆசிரியர்கள் ஏன் இதைப் பார்ப்பதில்லை?

பார்க்க முடியாத இடத்தில்தான் அது நடக்கிறது: உடை மாற்றும் அறை, பேருந்து, தாழ்வாரத்தின் கோடி, திறன்பேசி. ரொறன்ரோவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்க்கும் பள்ளி விளையாட்டுத் திடல்களை காணொளிக் கருவியால் பதிவுசெய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் குறுக்கிட்டது ஏறத்தாழ 4 விழுக்காடு நிகழ்வுகளில் மட்டுமே. அவர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பெரியவரின் தலை தெரிந்ததும் வதை விளையாட்டாக மாறிவிடும், கேட்டால் ‘சும்மா பகிடிக்கு’ என்பார்கள், வதைபட்ட பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது ஆசிரியர்கள் செய்யும் பெரும்பிழை. சிரிக்காவிட்டால் இன்னும் கூடும் என்று பிள்ளை கற்றுக்கொண்டதுதான் அது.

அதே குழுவினர் 2001இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட நிகழ்வுகளில், 57 விழுக்காட்டில், பத்து நொடிக்குள் வதை நின்றது. அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பதின்ம வயதில் குறுக்கிடுவதற்கு அதிகத் துணிவு வேண்டும்.

‘கண்டுகொள்ளாதே, நன்றாகப் படி, அவர்களே அடங்குவார்கள்’ என்று பிள்ளைக்குச் சொல்லலாமா?

நம் பெற்றோர் அதிகம் சொல்லும் பதில் இதுதான். போரையும் கடலையும் கடந்து வந்தவர்களுக்கு ஒரு கேலிப்பேச்சு சிறிதாகத் தெரிவது இயல்பு. ஆனால் பிள்ளை அதை வேறுவிதமாகக் கேட்கிறது: ‘இது உன் பிரச்சினை, நீயே பார்த்துக்கொள்.’ வதைபடும் பிள்ளைகளைப் பற்றி சாண்ட்ரா கிரஹமும் யானா யூவோனனும் 1998இல் எழுதிய ஆய்வு, ‘பிழை என்னிடம்தான், நான் இப்படிப்பட்டவள் என்பதால்தான் நடக்கிறது’ என்று நம்பும் பிள்ளைகளே தனிமையாலும் பதற்றத்தாலும் மிகுதியாக வாடினார்கள் என்று கண்டது. நிறத்தையும் பெயரையும் குறிவைத்து வரும் வதை அந்த நம்பிக்கையை எளிதில் விதைத்துவிடும், ஏனெனில் அவற்றைப் பிள்ளையால் மாற்ற முடியாது. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது, நடப்பது தவறு, அதை நிறுத்த வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு என்பதுதான்.

பள்ளியிடம் எப்படிப் பேசுவது? சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?

மற்றப் பல நாடுகளோடு ஒப்பிட்டால் மிகவும் வலுவாக இருக்கிறது. பாதுகாப்பான, நல்ல பள்ளிச் சூழல் ஒவ்வொரு மாணவருக்கும் உரிமை என்று நோர்வேயின் கல்விச் சட்டம் சொல்கிறது. 2017 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், 2024 ஓகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள புதிய கல்விச் சட்டத்தின் 12ஆம் அத்தியாயத்தில் தொடர்கின்றன. பள்ளியில் பணிபுரியும் எல்லோரும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், கண்டால் குறுக்கிட வேண்டும், சந்தேகம் எழுந்தாலே பள்ளி அதிபருக்கு அறிவிக்க வேண்டும். பள்ளி விசாரித்து, என்ன செய்யப்போகிறது, யார், எப்போது செய்வார்கள் என்பதை எழுத்தில் வகுக்க வேண்டும். பள்ளி தனக்குப் பாதுகாப்பாக இல்லை என்று பிள்ளை சொல்வதே இந்தக் கடமையைத் தொடக்கிவைக்கப் போதுமானது, சாட்சி கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

வகுப்புப் பொறுப்பாசிரியரோடு வாய்ப்பேச்சில் முடித்துவிடாமல் அதிபருக்கு எழுதுங்கள். நாள், இடம், சொல்லப்பட்ட சொல் ஆகியவற்றைச் சொன்னபடியே எழுதுங்கள். வசைச்சொல்லை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ‘கெட்ட வார்த்தை சொன்னார்கள்’ என்று எழுதினால் அது மீண்டும் ‘முரண்பாடு’ என்றே பதியப்படும். அதிபரிடம் முறையிட்டு ஒரு வாரம் கடந்தும் போதிய நடவடிக்கை இல்லாவிட்டால், ஸ்டாட்ஸ்ஃபோர்வால்தர் எனப்படும் மாவட்ட அரச நிர்வாக அலுவலகத்துக்கு நேரடியாகப் புகார் செய்யலாம். பள்ளி செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தேவையான இடங்களில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அரச நிறுவனங்களின் கடமை, பிள்ளைகளை மொழிபெயர்க்கப் பயன்படுத்துவதற்கும் பொதுவாகத் தடை உண்டு. தனக்கு நடந்த கொடுமையை ஒரு பக்கம் ஆசிரியருக்கும் மறு பக்கம் அப்பாவுக்கும் தானே மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணும்போது, இந்தச் சட்டம் முப்பது ஆண்டு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று மனம் வலிக்கிறது.

பிள்ளை பெற்றோரிடம் பேசத் தயங்கினால், 116 111 என்ற இலக்கத்தில் சிறுவர், இளையோருக்கான உதவித் தொலைபேசி இரவும் பகலும் இயங்குகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

சில வேளைகளில் மூச்சு விட இடம் கிடைக்கும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் 11 பள்ளிகள், 99 வகுப்புகளை ஆராய்ந்த யூவோனனும் குழுவினரும், எந்த இனமும் மிகையாக இல்லாத கலப்பு வகுப்புகளில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள் என்று 2006இல் எழுதினர். பலம் பலரிடம் பகிர்ந்திருக்கும்போது ஏறி மிதிப்பது கடினமாகிறது.

ஆனால் கலந்து உட்காரவைத்தால் மட்டும் போதாது. சம நிலை, பொது நோக்கம், கூட்டு முயற்சி, மேலே இருப்பவர்களின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இலேயே சொன்னார். 1971இல் டெக்சாஸின் ஒஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டு மோதல் மூண்டபோது, உளவியலாளர் எலியட் அரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் தேர்வு எழுத முடியாது. மொழி தடுமாறும் பிள்ளையைக் கேலி செய்தால் இழப்பு கேலி செய்தவருக்கே என்றானதும், பொறுமையாகக் கேள்வி கேட்டு அதன் வாயிலிருந்து பதிலை வாங்க மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ‘இனவெறி தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்பதைவிட, குழு வேலைகளில் பிள்ளைகளை யார் பிரிக்கிறார்கள், எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்பது அதிகப் பயன் தரும். எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் வதைத் தடுப்புத் திட்டங்கள் சராசரியாகப் பலிக்கவில்லை என்று டேவிட் யேகரும் குழுவினரும் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மற்றப் பிள்ளையின் பெற்றோரிடம் நேரே போய்ப் பேசலாமா?

பழக்கமுள்ளவர்களாக இருந்தால் பேசலாம். முன்பின் தெரியாதவர்களிடம் கோபத்தோடு போனால் அவர்கள் தம் பிள்ளைக்காக நிற்பார்கள், மறுநாள் அதன் விலையை உங்கள் பிள்ளை கொடுக்கும். முதலில் பள்ளி வழியாகப் போங்கள்.

என் மகள் பள்ளி வாசலில் ‘தமிழில் பேசாதீங்கோ அப்பா’ என்கிறாள். என்ன செய்வது?

கோபப்படாதீர்கள், ‘தாய்மொழியை வெறுக்கிறாயா?’ என்றும் கேட்காதீர்கள். பெரும்பாலும் அவளுக்குத் தமிழில் வெறுப்பு இல்லை. வாசலில் நிற்பவர்களை அவள் படித்துவைத்திருக்கிறாள், உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று மாலை காரில் வரும்போதோ, சமையலறையில் அவள் கைவேலையாக இருக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேளுங்கள்: அங்கே யார் யார் நிற்பார்கள், அவர்களில் யார் சிரிப்பார்கள், யார் சிரிக்காமல் நிற்பார்கள் என்று. கடைசியாகச் சொல்லப்படும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வீட்டில் தோசை சுடும்போது முதலில் அழைக்க வேண்டியது அந்தப் பிள்ளையை.